பெருமாள் மேஸ்திரிக்கு ஒரு பதிப்பாளர் தேவை

தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், ஒரு பதிப்பகத்தின் கடைக்குப் பின்பக்கம், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்காரவைத்து அந்தப் பதிப்பாளர் கேட்ட முதல் கேள்வி: "ராஜா யாரு சார்?"

சரித்திர நாவல் எழுதியிருக்கிறேன் என்று சொல்லித்தான் உள்ளே போயிருந்தேன். "ராஜா இல்லைங்க. ஒரு மேஸ்திரி" என்றேன். அவர் என் மடியிலிருந்த 412 பக்கக் கட்டைப் பார்த்தார், கடை வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார், பிறகு கொஞ்சம் இரக்கத்தோடு, "சைடுல ஒரு பாளையக்காரராவது வர்றாரா?" என்று கேட்டார்.

வரவில்லை. ஒரு கலெக்டர் வருகிறார், ஒரு வெள்ளைக்கார சர்வேயர் வருகிறார், எண்பத்து மூன்று வயதுக் கிழவி ஒருத்தி வருகிறாள், அவளுடைய பேரன்கள் இரண்டு பேர் கடப்பாரையோடு வருகிறார்கள். வாளோ குதிரையோ சுரங்கப்பாதையோ கிடையாது. அந்தப் பதிப்பாளர் நல்ல மனிதர், எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "அடுத்த நாவல்ல பாப்போம் சார்" என்று சொல்லி அனுப்பினார். முதல் நாவலுக்கே பதினோரு வருஷம் ஆன ஆளிடம் அடுத்த நாவலைக் கேட்கிறார்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று புரியாது. நான் நில அளவைத் துறையில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேல மாரட் வீதியில் சங்கிலி பிடித்துக்கொண்டு போன ஒரு நாள், என் மேலதிகாரியிடம் "யாரு சார் இந்த மாரட்?" என்று கேட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "நம்ம ஆளுதான்யா, சர்வேயர்" என்றார். "அப்ப பெருமாள் மேஸ்திரி?" "அந்தாளு கூட நின்னு வேலை வாங்குன மேஸ்திரி." அவ்வளவுதான் பேச்சு, வெயில் ஏறிவிட்டது, அடுத்த கல்லைத் தேடிப் போய்விட்டோம். ஆனால் எனக்கு அன்றைக்குப் பிடித்தது இன்னும் விடவில்லை. மீனாட்சியம்மன் கோவிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதங்களின் பெயரிலேயே தெருக்கள் அடுக்கடுக்காகப் போகிற ஊரில், மாசி வீதியைத் தாண்டியதும் திடீரென்று ஒரு சர்வேயர் பெயர், ஒரு மேஸ்திரி பெயர். இத்தனை பாண்டியர்கள், இத்தனை நாயக்கர்கள் ஆண்ட ஊரில் ஒரு கட்டட வேலைக்காரருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வீதிகள்! 'மேஸ்திரி' என்கிற சொல்லே போர்த்துக்கீசியர் விட்டுப்போனது என்பது வேறு விஷயம்.

மதுரைக்காரர்களுக்குத் தெரிந்த கதைதான், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். விசுவநாத நாயக்கர் காலத்திலிருந்து ஊரைச் சுற்றிப் பெரிய கோட்டை இருந்தது. அதில் 72 கொத்தளங்கள், ஒவ்வொன்றும் ஒரு பாளையக்காரர் பொறுப்பில் என்று சொல்வார்கள். 1764இல் கான்சாகிப் என்று நம் ஊர் சொல்லும் யூசுப்கான் அந்தக் கோட்டைக்குள் இருந்துகொண்டுதான் நவாபையும் கும்பினி என்கிற கிழக்கிந்தியக் கம்பெனியையும் மாதக்கணக்கில் திணறவைத்தார். கடைசியில் சொந்த ஆட்களே பிடித்துக் கொடுக்க, அந்த வருஷம் அக்டோபர் 15 அன்று தூக்கில் போட்டார்கள். சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலம் இருக்கிறது, கான்சாமேட்டுத் தெரு என்று ஒரு தெருவும் இருக்கிறது. அதெல்லாம் முடிந்து எழுபது வருஷம் கழித்து, பீரங்கியை அவ்வளவு நாள் தாங்கி நின்ற மதிலைக் கும்பினி கலெக்டர் ஒருவர் சண்டையே இல்லாமல் இடித்துப் போட்டார். ஜான் பிளாக்பர்ன், 1834 முதல் 1847 வரை இங்கே கலெக்டர். ஊர் உள்ளே நெரிந்து கிடக்கிறது, அகழியில் தண்ணீர் தேங்கி நாறுகிறது, காய்ச்சல் வருகிறது, இனி கோட்டையால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. அவர் செய்த ஏற்பாடுதான் என்னை மயக்கியது. சுவரை இடித்து, அந்த மண்ணையும் கல்லையும் அகழியில் தள்ளி மூடுகிறவர்களுக்கே அந்த இடம், வீடு கட்டிக்கொள்ளலாம். 1837 வாக்கில் தொடங்கிய அந்த வேலையில் பிறந்தவைதான் மாரட் வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதிகளும் வெளி வீதிகளும். அந்தக் கலெக்டர் நினைவாக ஊர் எழுப்பியதுதான் விளக்குத்தூண், இன்றைக்கு அதன் அடியில் நின்றுகொண்டு ஜவுளிக்கடைக்கு வழி கேட்கிறோம்.

பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இடிபடாமல் மிச்சமான ஒரு கொத்தளம் இருக்கிறது. பஸ் ஹாரன், பூக்கடை, மூத்திர நாற்றம் எல்லாவற்றுக்கும் நடுவில் அது பாட்டுக்கு நிற்கும். ஒரு தடவை அங்கே நின்றுகொண்டிருந்தபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1764இல் ஏழு வயதாக இருந்து பீரங்கிச் சத்தம் கேட்ட ஒரு பெண் குழந்தை, 1840 வரை உயிரோடு இருந்திருந்தால் அவளுக்கு எண்பத்து மூன்று வயது. அவளுடைய அப்பா காத்து நின்ற சுவரை அவளுடைய பேரன்கள் ஒரு மனைக்காக இடிப்பதை அவள் உட்கார்ந்து பார்த்திருக்க முடியும். அங்கேயே நாவல் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வரவில்லை, யோசனைதான் வந்திருந்தது. இரண்டுக்கும் உள்ள தூரம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

பதினோரு வருஷத்தை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. லீவு போட்டு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஆறு நாள், நெல்சன் என்கிற அதிகாரி 1868இல் மதுரை மாவட்டத்தைப் பற்றி எழுதிய பெரிய கையேட்டைக் குறிப்பெடுத்து இரண்டு மழைக்காலம். ஓய்வு பெற்றபின் நத்தம் சாலையில் 2023இல் திறந்த நூலகத்தில் (ஏசி, நல்ல நாற்காலி, யாரும் எழுந்து போகச் சொல்வதில்லை) காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் வரை. முதல் பாதியை அலுவலகப் பழக்கத்தில் வானவில் எழுத்துருவில் அடித்துத் தொலைத்துவிட்டேன், யூனிகோடுக்கு மாற்றியபோது கொம்பும் காலும் இடம் மாறி, அதைச் சரிபண்ணவே மூன்று மாதம்.

முடித்ததும் எல்லாரையும் போல அணிந்துரைக்கு அலைந்தேன். பதினோரு எழுத்தாளர்களுக்குக் கடிதம் எழுதினேன். மூன்று பேர் பதில் போட்டார்கள். ஒருவர் உடம்பு சரியில்லை என்றார், ஒருவர் "வாழ்த்துகள்" என்று மட்டும் எழுதியிருந்தார். மூன்றாமவர் எழுதியது எனக்கு அன்றைக்குக் கோபத்தைக் கிளப்பியது: "அணிந்துரைங்கிறது கல்யாணப் பத்திரிகையில மேல போடுற சாமி படம் மாதிரி சார். அதைப் பாத்து யாரும் கல்யாணத்துக்கு வர்றதில்லை. உங்க நாவலை யாராச்சும் படிச்சிருக்காங்களா?"

யாரும் படித்திருக்கவில்லை. அதுதான் உண்மை. என் மனைவி பாதி படித்திருந்தாள்.

நடுவில் ஒரு பதிப்பகத்திலிருந்து போன் வந்தது. நாவல் பிரமாதமாக இருக்கிறது என்றார்கள், அனுப்பி இரண்டே நாளில். 412 பக்கத்தை இரண்டு நாளில் படித்துப் பிரமாதம் என்று ஒருவர் சொன்னால் சந்தோஷப்படத்தான் மனசு பார்க்கும், நானும் பட்டேன், வீட்டில் கேசரி கிண்டினோம். அப்புறம் ஒரு தாள் வந்தது. மொத்தம் 85,000 ரூபாய், 300 பிரதி, அதில் 200 பிரதியை நானே எடுத்துக்கொள்ள வேண்டும், அட்டை வடிவமைப்புக்குத் தனி, விருதுகளுக்கு அனுப்புவதற்குத் தனி, ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு 3,000. மற்றதெல்லாம் எனக்குப் புரியாமல் இருந்திருக்கலாம், அந்த எண்ணை நம் நாட்டில் அரசு நிறுவனமே இலவசமாகக் கொடுக்கிறது என்பது மட்டும் தெரியும், ஏனென்றால் அலுவலகத்தில் ஒரு நண்பர் கவிதைத் தொகுப்பு போட்டபோது நான்தான் விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுத்தேன். இல்லாத கட்டணத்துக்கு ரசீது போடுகிறவர் மற்ற கணக்கை எப்படிப் போட்டிருப்பார்? கேசரி தீர்ந்திருந்தது, விட்டுவிட்டேன்.

காசு கொடுத்துப் புத்தகம் போடுவதே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஒரு காலத்தில் ஆயிரம் பிரதி அச்சடித்து, அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணை வருமா வராதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடங்கில் அடுக்கிவைத்த பதிப்பாளர்கள் பலர் நொடித்துப் போயிருக்கிறார்கள். இப்போது நூறு பிரதிகூடக் கேட்டால் கேட்ட அளவுக்கு அச்சாகும், அதனால் முதல் புத்தகக்காரன் செலவைப் பகிர்ந்துகொள்கிறான், புரிகிறது. ஆனால் யாருமே படிக்காமல் ஒரு நாவல் அச்சாகிப் பரணில் ஏறுவதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. புதிதாக அலைகிறவர்களுக்கு ஒரு தகவல், தீபாவளி முடிந்த கையோடு எந்தப் பதிப்பாளரையும் போய்ப் பார்க்காதீர்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி, அதற்குள் அச்சுக்குப் போக வேண்டியதில் அவர்களுக்குக் கண் தெரியாது. பொங்கல் போகட்டும், பிப்ரவரியில் போனால் குறைந்தபட்சம் உட்காரச் சொல்வார்கள்.

அந்த மூன்றாம் கடிதக்காரர்தான் திருமங்கலத்தில் ஒரு டீச்சரைப் பற்றிச் சொன்னார். பள்ளி ஆசிரியை, இரண்டு சிறுகதைத் தொகுப்பு போட்டவர், நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. ஸ்பைரல் பைண்டிங் போட்ட கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கோடை விடுமுறை முடிகிற வரைக்கும் சத்தமில்லை. ஜூன் முதல் வாரம், "சார், வந்து வாங்கிட்டுப் போறீங்களா" என்று போன்.

முதல் பக்கத்தில் முதல் வாக்கியத்தின் ஓரத்திலேயே பென்சிலில் எழுதியிருந்தார். என் வாக்கியம் இது: "மதுரைக் கோட்டையின் மேற்கு மதில் வடக்குத் தெற்காக ஓடி, தென்மேற்குக் கொத்தளத்தில் கிழக்கு நோக்கித் திரும்புகிறது." பக்கத்தில் டீச்சர் எழுதியிருந்தது ஒரே சொல்: "பத்திரமா?"

பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. 31 வருஷம் நிலப் பத்திரத்தில் வருகிற மாதிரி நாலெல்லை எழுதிய கை. ஆனால் அவர் சிரிக்கவில்லை. ஸ்டாஃப் ரூமில் இரண்டு பேர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "உங்க கோட்டை உயிரோட இருக்கு சார். அதைச் சுத்தி இருக்கிற ஆளுங்கதான் செத்துக் கிடக்காங்க. 412 பக்கத்துல ஒருத்தரும் ஒரு வாய் சாப்பிடலை. பாட்டி மட்டும் ஒரு தடவை தண்ணி குடிக்குது, அதுவும் 230ஆம் பக்கத்துல."

திரும்பி வருகிற பஸ்ஸில் கப்பலூர் தாண்டுகிற வரைக்கும் அந்த அம்மாவின் மேல் எனக்கு ஆத்திரம்தான். இத்தனை ஆராய்ச்சி செய்திருக்கிறேன், சாப்பாட்டைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார் என்று. திருப்பரங்குன்றம் வந்தபோது, அந்தப் பேரன்கள் காலையில் என்ன குடித்துவிட்டு வேலைக்குப் போயிருப்பார்கள் என்று யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை. சுவரின் எந்தப் பக்கம் நிழல் எப்போது விழும் என்று தெரியும், அதன் கீழே உட்கார்ந்தவன் தூக்குச்சட்டியில் என்ன இருந்தது என்று தெரியாது. தூக்குச்சட்டியே அப்போது இருந்ததா, மண்கலயமா?

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து வீட்டுச் சாமான்களாகத் தேடிப் பிடித்தேன், வெட்கக்கேடாக இருந்தது. ஓர் அத்தியாயத்தில் மண்ணெண்ணெய் விளக்கு எரிகிறது, 1840 மதுரையில் மண்ணெண்ணெய் ஏது, ஆமணக்கெண்ணெயோ இலுப்பெண்ணெயோதான். ஒருவன் 'பத்து நிமிடம்' காத்திருக்கிறான், அவனிடம் கடிகாரமே இல்லை. சித்திரை மாதத்து வைகையில் இடுப்பளவு தண்ணீர் ஓடவிட்டிருந்தேன். பெரியாற்றுத் தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பியதே 1895இல்தான், வைகை அணையோ 1959. பாலமும் 1889இல்தான் வந்தது, அதுவரை மணலில் நடந்துதான் அந்தக் கரைக்குப் போயிருப்பார்கள். ரசத்தில் தக்காளி போட்டிருந்ததை என் மனைவிதான் கண்டுபிடித்தாள். "எங்க அப்பத்தா சாகுற வரைக்கும் அதைச் சீமைத் தக்காளின்னு சொல்லி அடுப்படிக்குள்ள விட்டதில்லை. அதுக்கும் நூறு வருஷத்துக்கு முந்தி நீங்க ரசம் வைக்கிறீங்களாக்கும்!" இதில் உச்சம் ஒன்று இருக்கிறது, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பெருமாள் மேஸ்திரி ஓரிடத்தில் "ரெண்டு சென்ட் இடம்" என்கிறார். ஏக்கரும் சென்டும் ஊரில் புழங்க ஆரம்பித்ததே 1858க்கு அப்புறம் சென்னை மாகாணத்தில் அளவைத் துறை வந்து, தாலுகா தாலுகாவாகச் சங்கிலி போட்டபின்தான். குழி என்கிற பழைய நில அளவில்தான் சொல்லியிருப்பார். அளவைக்காரனான நானே அந்தத் தப்பைச் செய்தேன் என்றால் மற்றதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வருஷக் கணக்கையும் மாற்றினேன். 1840 என்று கலெக்டர் கச்சேரியில் மட்டும்தான் எழுதியிருப்பார்கள், கிழவிக்கு அது சார்வரி வருஷம். 1837 ஏவிளம்பி. இது கஷ்டமே இல்லை, அறுபது வருஷச் சுற்று, 2020 சார்வரி என்று பஞ்சாங்கத்தில் பார்த்து, 180ஐக் கழித்தால் வந்துவிடும். காசுதான் தலைவலி. 1835இல் கும்பினி நாடு முழுக்க ஒரே ரூபாய் என்று கொண்டுவந்துவிட்டது, ஆனால் கிழவி வாயை விட்டு வராகன், பணம் என்கிற பழைய காசுப் பேச்சு போயிருக்கவே போயிருக்காது. அவள் வராகனில் பேச, பேரன் ரூபாயில் பதில் சொல்கிற மாதிரி ஒரு சண்டைக் காட்சி எழுதினேன், அது நன்றாக வந்திருக்கிறது என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

இவ்வளவும் திருத்தியபின்னும் இடிக்கிற காட்சி மட்டும் அசையவில்லை. செல்லூரில் ஒரு கொத்தனார் இருக்கிறார், பழைய காரை வீடுகளைப் பழுது பார்ப்பதில் கைதேர்ந்தவர், என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். "அண்ணே, ஒரு பழைய கோட்டைச் சுவரை ஆளை வச்சு இடிக்கணும்னா எப்படி இடிப்பீங்க?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பர்மிஷன் இருக்கா என்று கேட்டார். கதை என்றதும் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டார்.

"நீங்க நெனைக்கிற மாதிரி கீழ போட்டுச் சாய்க்க முடியாது சார். பழைய காரை இறுகிப்போயிருக்கும், கடுக்காத் தண்ணி ஊத்தி அரைச்சது, செங்கல் உடைஞ்சாலும் அது உடையாது. மேல ஏறி நின்னு, தான் நிக்கிற இடத்தத்தான் தானே பேத்து எடுத்துக்கிட்டே கீழ எறங்கணும். சாயங்காலம் ஆச்சுன்னா காலைல நின்ன எடம் இருக்காது. அப்புறம் அந்தப் புழுதி இருக்கே, மூக்கு, காது, எங்கயும் விடாது. மூணு நாளைக்கு எதைத் தின்னாலும் வாயில நறநறங்கும்."

தான் நிற்கிற இடத்தைத் தானே பெயர்த்து எடுத்துக்கொண்டே இறங்குவது. நான் பதினோரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த வாக்கியத்தை அவர் பீடி பற்றவைக்கிற நேரத்தில் சொல்லிவிட்டார். பஸ் ஏறாமல் கல்பாலம் வழியாக வீடு வரைக்கும் நடந்தே வந்தேன்.

இப்போது என் நாவல் இப்படித் தொடங்குகிறது: "பேரன் சுவர்மேல் ஏறியதைக் கிழவி பார்க்கவில்லை. அவன் உதிர்த்த மண் அவள் கஞ்சியில் விழுந்தபோதுதான் நிமிர்ந்தாள்." டீச்சருக்கு அனுப்பினேன். "இப்ப சரி" என்று பதில் வந்தது. இந்த இரண்டு சொல்லை ஓர் அணிந்துரைக்கு நான் மாற்றிக்கொள்ளத் தயாரில்லை. பக்கங்கள் 412இலிருந்து 290க்கு வந்துவிட்டன. போனதில் பெரும்பகுதி மதில் வர்ணனை, வயிறு எரிந்துகொண்டேதான் வெட்டினேன்.

ஆனால் இன்னும் முடியவில்லை, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நாவலில் திருமலை நாயக்கர் மகால் பக்கத்தில் ஒரு சௌராஷ்டிரக் குடும்பம் வருகிறது, பட்டு நெய்கிறவர்கள், கிழவியின் சிநேகிதி அந்த வீட்டுக்காரி. அவர்கள் வீட்டுக்குள் தமிழிலேயே பேசிக்கொள்வதாக எழுதியிருக்கிறேன், அது பொய் என்று எனக்கே தெரியும். அந்த மொழி வீட்டில் பேசுகிற யாராவது, முடிந்தால் வயதானவர்களோடு வளர்ந்தவர்கள், அந்த நாலு அத்தியாயத்தைப் படித்து, ஒரு பாட்டி தன் மருமகளை எப்படித் திட்டுவாள், ஆத்திரம் வந்தால் எந்தச் சொல் தமிழுக்குத் தாவும் என்று சொல்ல வேண்டும். அதே மாதிரி அகழி மூடும்போது மீன் பிடிக்கிற ஒரு காட்சி, கண்மாய் வற்றும்போது ஊரே இறங்கி மீன் பிடிக்கிற அழிமீன் பார்த்து வளர்ந்தவர்கள் படித்தால் நான் எங்கே புளுகியிருக்கிறேன் என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். மாரட் துரையை எழுதும்போது என் கை தானாக மரியாதை கொடுத்துவிடுகிறது, தொழில் பாசம், அதைத் தட்டிக் கேட்க ஒருவர் வேண்டும். பிறகு பொதுவாக, எழுதுகிறவர்கள், ஏற்கெனவே நாவல் போட்டவர்கள், எந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைக்கத் தோன்றியதோ அந்தப் பக்க எண்ணை மட்டும் சொன்னால்கூடப் போதும். காரணம்கூட வேண்டாம், நான் கண்டுபிடித்துக்கொள்கிறேன்.

பதிப்பாளர்களும் இதைப் படிக்கிறார்கள் என்றால்: ராஜா கிடையாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டேன், பிற்பாடு சண்டை வேண்டாம். பத்து சதவீத ராயல்டி எல்லாம் நான் கேட்கப்போவதில்லை என்று சொல்ல நினைத்தேன், டீச்சர் கூடாது என்கிறார். "நீங்க வேண்டாம்னு சொன்னா அடுத்து வர்ற பிள்ளைகளுக்கும் குடுக்க மாட்டாங்க சார்." அதனால் கேட்பேன்.

சும்மா கேட்கவில்லை, பதிலுக்கு நானும் படித்துத் தருகிறேன். கவிதையில் எனக்குப் போதாது. சரித்திரக் கதை எழுதுகிறவர்களுக்கு என்னால் உபயோகம் உண்டு. உங்கள் நாயகன் பொழுது சாயத் தஞ்சாவூரில் குதிரை ஏறிக் கோழி கூவுமுன் மதுரைக் கோட்டை வாசலில் இறங்கினால் என்னிடம் கொடுங்கள், கிட்டத்தட்ட நூறு மைல், வழியில் ஆறு, முள், இருட்டு எல்லாம் சேர்த்து அந்தக் குதிரை எங்கே விழுந்து சாகும் என்று வரைபடத்தில் குறித்துத் தருகிறேன். காணி, மா, குழி, வேலி, எந்த ஊரில் எந்தக் கணக்கு என்பதும் ஓரளவு தெரியும். என்னைப் போல 1840இல் சென்ட் போடாமல் காப்பாற்றிவிடலாம்.

ஆறு கட்டு ஸ்பைரல் பைண்டிங் போட்டு வைத்திருக்கிறேன், வலப்பக்கம் அகலமாக ஓரம் விட்டு. சனிக்கிழமைகளில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பெரியார் பேருந்து நிலையத்துக் கொத்தளத்தின் பக்கம்தான் இருப்பேன், பருத்திப்பால் வண்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், மஞ்சள் பையோடு. பென்சிலும் சேர்த்தே தருகிறேன்.